ஆர்லின் டெஷ்ஷின் பதினொன்றாவது விதி

ஆர்லின் டெஷ் இறந்தபோது எங்கள் பத்திரிகையில் அவருக்கு இரங்கல் குறிப்பு எழுதியவள் நான். ஒன்பது வரி. பிறந்த பண்ணை, சேர்ந்திருந்த தேவாலயம், ராணுவத்தில் இரண்டு வருஷம், தானியக் கிடங்கில் நாற்பத்தோரு வருஷம், முன்னமே போய்விட்ட மனைவி வெர்லா. எட்டாவது வரியில், ‘கல்லூரி ஃபுட்பால் அணிகளைத் தரவரிசைப்படுத்துவதில் ஆர்வம் கொண்டிருந்தார்’ என்று எழுதினேன். ரோஜா வளர்ப்பதில் ஆர்வம் கொண்டிருந்தார் என்பதைப் போல. அந்த எட்டாவது வரிதான் மனிதர். அதை ஒழுங்காக எழுத எனக்கு அன்றைக்குத் துணிச்சல் இல்லை.

என் பெயர் ஜோலீன் ராட்கே. ஹார்விக் ஊர் வாரப் பத்திரிகையில் முப்பத்திமூன்று வருஷம் குப்பை கொட்டினேன். செய்தி எழுதுவது, படம் எடுப்பது, தலைப்பு போடுவது எல்லாம் நானேதான். தலைப்பு போடுவதில் எனக்குக் கொஞ்சம் கைவந்த பெருமை உண்டு. அந்தப் பெருமையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஆர்லினுக்கு வேலை எடைமேடையில். சோளமும் சோயாவும் ஏற்றிய லாரி மேடைமேல் ஏறும்; எடை போடுவார். உள்ளே போய்க் கொட்டிவிட்டு வெறும் லாரி திரும்பி ஏறும், மறுபடி போடுவார். வித்தியாசம்தான் தானியம். ஒருமுறை அவருடைய சொந்தத் தம்பியே வந்தான். லாரி பாரத்தோடு ஏறியபோது பக்கத்து இருக்கையில் தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள், நல்ல கனமான உடம்புக்காரி. காலி லாரி திரும்பியபோது அவளைக் காணோம். ஆர்லின் கண்ணாடி ஜன்னலைத் திறந்து, “உன் பொண்டாட்டி எங்கடா?” என்று கேட்டார்.

“உள்ள காபி குடிச்சிட்டிருக்கா.”

“கூப்பிடு. வண்டில ஏறச் சொல்லு. பொண்டாட்டியா வந்தவ சோளமா ஆக முடியாது.”

பதினைந்து பேர் வரிசையில் நின்று சிரித்தார்கள். தம்பி ஆறு வருஷம் அவரோடு பேசவில்லை. ஆர்லினுக்கு அதில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. எடை எடைதான்.

இப்படிப்பட்ட மனிதருக்குத் தரவரிசைப் பைத்தியம் பிடித்ததில் ஆச்சரியம் என்ன? எழுபத்துமூன்றாம் வருஷம் வெர்லாவின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஆரம்பித்தார். சுற்றியுள்ள ஐந்து மாநிலங்களின் அறுபத்திரண்டு கல்லூரி அணிகள், பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்றெல்லாம் பார்க்கமாட்டார். எல்லோரையும் ஒரே மேடையில் ஏற்றி நிறுத்துவார். அறுபது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாலும் ஒரு புள்ளியில் ஜெயித்தாலும் அவருக்கு ஒன்றுதான். நீ யாரை ஜெயித்தாய், அவன் யாரை ஜெயித்தான், அவ்வளவே கணக்கு. பத்து விதிகள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அந்தப் பத்தையும் எங்கள் பத்திரிகையில் பிரசுரிக்கச் சொல்வார், யாரும் மறைவாக எதுவும் நடக்கிறது என்று நினைத்துவிடக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயம் முடிந்ததும் என் அலுவலகத்துக்கு வந்து தாளை நீட்டுவார். நாங்களும் இன்னும் பதின்மூன்று ஊர்ப் பத்திரிகைகளும் போடுவோம். டெஷ் பட்டியல் என்றால் பயிற்சியாளர்கள் திங்கட்கிழமை காலையில் முதலில் தேடுவது அதைத்தான்.

டிசம்பரில் பட்டியலின் முதல் அணிக்கு ஒரு பலகை. கருப்பு வால்நட் மரத்தில் கல்லூரியின் பெயரையும் வருஷத்தையும் தானே செதுக்கி, தானே வண்டி ஓட்டிக்கொண்டு போய்க் கொடுப்பார், அது முந்நூறு மைல் தூரமானாலும். ஒருநாள் என்னைத் தன் வீட்டு கராஜுக்குக் கூட்டிப்போய்ப் பழைய போர்வையை விலக்கிக் காட்டினார். அதே அளவுப் பலகை. ‘ஹார்விக் கல்லூரி’ என்று செதுக்கியிருந்தது. வருஷம் இருக்கவேண்டிய இடம் வழவழவென்று காலியாக இருந்தது.

“எப்பச் செஞ்சது?” என்று கேட்டேன்.

“ஆரம்பிச்ச வருஷமே. நாலு எண்ணுதான் பாக்கி.”

அந்த மனிதருக்கு வாழ்க்கையில் இருந்த ஆசை அந்த நாலு எண்தான். எங்கள் கல்லூரி அவருடைய பட்டியலில் ஏழாம் இடத்துக்கு மேல் ஏறியதே இல்லை. வேண்டுமானால் ஏற்றியிருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்? தம்பி பெண்டாட்டியையே சோளமாக எடை போடாதவர் இதைச் செய்வாரா?

ஆனால் வெறுப்பு என்று ஒன்று உண்டே. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாற்பத்துநாலு மைலில் வெஸ்ட்ரம் ஸ்டேட். அவர்களுக்கும் எங்களுக்கும் நூறு வருஷப் பகை. அக்டோபரில் ஆட்டம், தோற்ற கல்லூரியின் தலைவர் ஜெயித்தவர்கள் மைதானத்தின் நடுவில் ஒரு பழைய இரும்பு டிராக்டர் இருக்கையில் உட்காரவேண்டும், கூட்டம் பாப்கார்ன் வீசும். பெண் கொடுத்துப் பெண் எடுப்போம், ஆனால் கல்யாண விருந்தில் மேஜைகளைத் தனித்தனியாகப் போடுவோம்.

தொண்ணூற்றொன்பதில் வெஸ்ட்ரம் இரண்டாம் பிரிவை விட்டு முதல் பிரிவுக்கு ஏறப்போவதாக அறிவித்தது. ஏறுவதற்கு நாலு வருஷம் ஆகும். அந்த நாலு வருஷமும் திரிசங்கு சொர்க்கம்தான். பழைய பிரிவின் கோப்பைக்கும் ஆடக்கூடாது, புதிய பிரிவின் கோப்பைக்கும் ஆடக்கூடாது, தேசியப் பட்டியல் எதிலும் பெயர் வராது. முதல் வருஷம் வெஸ்ட்ரம் மண்ணைக் கவ்வியது, நாங்கள் கொண்டாடினோம். இரண்டாயிரத்தில் அதே அணி பதினொன்றுக்குப் பதினொன்று ஜெயித்துவிட்டது. அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாட்டில் ஒரே ஒரு பட்டியல்தான் மிச்சமிருந்தது. ஆர்லினுடையது.

அந்த ஞாயிறு தாளோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. தாளைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தேன், வெஸ்ட்ரம் எங்கேயும் இல்லை.

“என்னங்க இது, ஆளையே காணோம்?”

“பதினொண்ணாவது விதி. இன்னிக்குக் காலைல போட்டேன். பிரிவு மாறிட்டிருக்கிற அணிக்குப் பட்டியல்ல இடமில்லை. பழைய வீட்டைக் காலி பண்ணிட்டான், புது வீட்டுல இன்னும் சாவி குடுக்கல. அவனுக்குத் தபால் எந்த விலாசத்துக்குப் போடுறது, சொல்லு?”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஊரே சிரித்தது. அவருக்கு மதுக்கடையில் பியர் வாங்கிக்கொடுக்க ஆள் வரிசையில் நின்றது. எடைமேடைக்காரர் முதல் முறையாக மேடையில் கை வைத்தார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நமக்கு வேண்டிய பக்கம் சாய்ந்தால் தராசு நேராகத்தானே தெரியும்.

அந்த சீசன் முடிந்த வாரம் வெஸ்ட்ரம் அணியின் தடுப்பு வீரன் ஒருவன், ட்ராய் ஹாவ்லண்ட், இருபத்தோரு வயது, பனி உறைந்த சாலையில் வண்டி சறுக்கி இறந்துபோனான். நாலு நாள் கழித்து அவன் அம்மா கரோல் ஹாவ்லண்ட் ஆர்லினுக்கு ஒரு கடிதம் எழுதினாள். பள்ளிச் சமையலறையில் வேலை பார்ப்பவள். கையெழுத்து குழந்தைகளுடையதைப் போல உருண்டை. மகன் வாராவாரம் டெஷ் பட்டியலை வெட்டிச் சுவரில் ஒட்டுவானாம். ஒரே ஒரு பிரதி, பத்திரிகையில் வரவேண்டாம், அந்த அணி இருக்கவேண்டிய இடத்தில் வைத்து ஒரே ஒரு தாள் அனுப்பமுடியுமா? சனிக்கிழமை பெட்டி மூடுவதற்குள் அவன் சட்டைப் பைக்குள் வைக்கவேண்டும்.

ஆர்லின் அதற்குப் பதில் எழுதி என்னிடம் பிரசுரிக்கக் கொடுத்தார். ‘துயரத்துக்கு வருந்துகிறேன். ஆனால் விதி பதினொன்றில் இருப்பவர், இறந்தவர் என்ற வேறுபாடு இல்லை.’ அதோடு கையெழுத்து. ஈரமே இல்லாத பதில், ஆனாலும் ஒரு மாதிரி ஒழுங்கான பதில். அதன் தலைமேல் தலைப்பு வைத்தது நான். ‘செத்தாலும் இடமில்லை.’ இரண்டே வார்த்தை, கொட்டை எழுத்தில். மதுக்கடையில் அதை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டினார்கள். சனிக்கிழமை அங்கே சவ அடக்கம் நடந்துகொண்டிருந்தபோது இங்கே அதன் கீழே நின்று குடித்தோம். என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். எனக்கு ஜில்லென்று இருந்தது.

ஏழெட்டு வருஷம் ஓடியது. வெஸ்ட்ரம் முதல் பிரிவில் நிலைத்துத் தொலைக்காட்சியில் எல்லாம் வர ஆரம்பித்தது. எங்களுக்குப் பொறுக்குமா? புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். கர்ட் பென்னர் என்று ஒரு விளையாட்டு இயக்குநர் வந்தான். நாற்பது வயது, பளபளவென்று பல். நாமும் ஏறுவோம் என்றான். ஊர் கூடி ஆமாம் போட்டது. ஆர்லின் மட்டும் கூட்டத்தில் எழுந்து, “ஏறுறது சரி, நாலு வருஷம் யாரு நம்ம கூட ஆடுவா?” என்று கேட்டார். உட்காரச் சொன்னார்கள்.

அவர் கேட்டது நடந்தது. விட்டுவந்த பழைய கூட்டாளிகள் கோபத்தில் ஆட மறுத்தார்கள். புதிய பிரிவுக்காரர்களுக்கு எங்கள் முகமே தெரியாது. வெஸ்ட்ரம், ‘உங்ககூட ஆடி எங்களுக்கு என்ன ஆகப்போகுது?’ என்று ஒற்றை வரியில் பதில் போட்டது. டிராக்டர் இருக்கை அங்கேயே துருப்பிடித்தது. பென்னர் கிடைத்தவர்களையெல்லாம் பிடித்து வந்தான். முப்பத்தொரு பேர் மட்டுமே கொண்ட ஒரு வேதாகமப் பள்ளி. முடிதிருத்தும் படிப்பும் சொல்லித்தரும் ஒரு இரண்டு வருஷக் கல்லூரி. தேசப்பட நிபுணனுக்கும் பெயர் தெரியாத இன்னும் சில. மூன்றாம் வருஷம், இரண்டாயிரத்துப் பதினொன்றில், அறுபத்துமூன்றுக்குப் பூஜ்யம், எழுபதுக்கு ஏழு என்று அடித்து நொறுக்கிப் பதினொன்றுக்குப் பதினொன்றும் ஜெயித்தோம்.

ஊருக்குப் பித்துப் பிடித்தது. தேவாலயப் பலகையில் கூட ‘11-0’ என்று போட்டார்கள். கோப்பை ஆட்டம் கிடையாது, தேசியப் பட்டியல் கிடையாது, அது தெரிந்ததுதான். ஆனால் நம்ம ஆர்லின் இருக்கிறாரே?

ஆர்லின் பட்டியலில் ஹார்விக் இல்லை. விதி பதினொன்று.

பென்னர் அவர் வீட்டுக்குப் போனான். என்னையும் சாட்சிக்குக் கூட்டிப்போனான். அப்போதே ஆர்லினுக்குக் கல்லீரலில் நோய் கண்டிருந்தது; வசந்தம் வரை இருந்தால் அதிர்ஷ்டம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார், ஊருக்கே தெரியும். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் தோள்பட்டி போட்டிருந்தார்.

“பெரியவரே, நீங்க எழுதின விதி. லேப்டாப்ல நீங்களே அடிச்சு எடுத்துட்டா முடிஞ்சுது. ஒரு விரல் வேலை,” என்றான் பென்னர்.

“விதி விதிதான் கர்ட்.”

“அது வெஸ்ட்ரம்காரனுக்காகப் போட்டதுன்னு குழந்தைக்குக்கூடத் தெரியும்.”

“தெரியும்ல? அப்ப நம்மளுக்கும் அதேதான்.”

“ஜோலீன், கேட்டுக்கோ. சாகப்போற நேரத்துல இந்த மனுஷனுக்கு மனசாட்சி முளைச்சிருக்கு.”

ஆர்லின் எங்களுக்குக் காபி ஊற்றினார். பென்னர் குடிக்காமல் எழுந்தான். நானும் எழுந்துவிட்டேன்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். வெஸ்ட்ரம் பெயரை அடித்தபோது பியர் வாங்கிக்கொடுத்த அதே ஆட்கள் அவரைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போனார்கள். தானியக் கிடங்கில் வயசாளிகள் தினம் காலை கூடுவார்கள்; ஒவ்வொருவர் கோப்பையும் சுவரில் ஆணியில் தொங்கும், பெயர் எழுதி. ஒருநாள் ஆர்லின் தன் கோப்பையை எடுத்துக் காபி ஊற்றினார். அடியில் யாரோ துளை போட்டிருந்தார்கள். கொதிக்கக் கொதிக்க மடியில் கொட்டியது. ஒன்பது பேர் சிரித்தார்கள், அதில் அவர் தம்பியும் ஒருவன். அவர் கோப்பையைக் கழுவித் துடைத்து அதே ஆணியில் மாட்டிவிட்டுப் போனாராம். மறுநாளிலிருந்து வரவில்லை. மைதானத்தில் ஏழாவது வரிசையில் முப்பத்தெட்டு வருஷமாக அவர் உட்கார்ந்த இடத்தை ஒரு தீவன வியாபாரிக்கு மாற்றிக் கொடுத்தார்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கமாட்டீர்களா? தலையங்கம் எழுதினேன். ‘ஒரு விரலின் கஞ்சத்தனம்’ என்று தலைப்பு. அந்த ஞாயிறும் அவர் தாளோடு வந்தார். தலையங்கத்தைப் படித்திருந்தார். “தலைப்பு நல்லா வருது உனக்கு, எப்பவும்போல,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். குத்தலா, பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

டிசம்பரில் அணிக்கு ஞாயிறு மதிய விருந்து ஏற்பாடாயிற்று. வெள்ளிக்கிழமை பென்னர் எனக்குத் தொலைபேசினான். ஆர்லினின் முப்பத்தெட்டு வருஷ சேவைக்கு மரியாதை செய்யப்போவதாகச் சொல்லி அவரை அழைத்திருக்கிறானாம். லேப்டாப்பையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறானாம், பையன்களுக்குக் கணக்குப் போடும் விதத்தைக் காட்ட.

“எல்லார் முன்னாடியும் விதியை அடிக்கச் சொல்லப்போறேன். பெரிய திரையில. நானூறு பேர் கத்துனா கிழவன் என்ன பண்ணுவான்? நீ காமிராவோட வந்துரு.”

நான் ஆர்லினிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காமிராவுக்குப் புது பேட்டரி போட்டேன்.

அவர் பழுப்புக் கோட்டில் வந்தார், வெர்லாவை அடக்கம் செய்தபோது போட்டது. இப்போது அதற்குள் இன்னொருவர் நுழையலாம் போல இருந்தது. தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். பல வாரத்துக்குப் பின் ஊர் தன்னைக் கூப்பிட்டிருக்கிறது என்ற சந்தோஷம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பன்றித் தொடையும் உருளைக்கிழங்கும் தட்டில் வைத்துக்கொடுத்தார்கள்; இரண்டு வாய்தான் சாப்பிட முடிந்தது. ஆனால் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், “நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பென்னர் ஒலிபெருக்கியைப் பிடித்தான். முப்பத்தெட்டு வருஷம் என்றான், எல்லோரும் கை தட்டினார்கள். ஆர்லின் எழுந்து தலை குனிந்தார். லேப்டாப்பைத் திரையோடு இணைத்தார்கள். பட்டியலின் முதல் பத்துப் பெயர்கள், அவற்றுக்கு மேலே இடமில்லாத ஹார்விக் மட்டும் சாம்பல் நிறத்தில்.

“இப்ப நம்ம ஆர்லின், நம்ம பசங்களுக்காக, விதி பதினொண்ணை அடிக்கப்போறாரு!” என்றான் பென்னர்.

ஆர்லினுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் பென்னரின் கையைப் பிடித்தார். ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்ததால் அவர் மெதுவாகச் சொன்னதும் எல்லோருக்கும் கேட்டது.

“வேண்டாம் கர்ட். வேற என்ன வேணும்னாலும் கேளு. இது மட்டும் வேண்டாம்.”

“அடி!” என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். பிறகு மேஜையைத் தட்ட ஆரம்பித்தார்கள். அடி, அடி, அடி. நானூறு பேர், கரண்டியால், கையால். நானும் தட்டினேன். ஒரு கையில் காமிரா இருந்ததால் இன்னொரு கையால் தட்டினேன்.

“பசங்க இருக்காங்கப்பா,” என்றார் ஆர்லின். “பசங்களை வெளிய அனுப்பிட்டாவது...”

ஊளைச் சத்தத்தில் அது மூழ்கிப்போனது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தரம் திரும்பி முன்வரிசையில் கழுத்துப்பட்டி கட்டி உட்கார்ந்திருந்த ஆட்டக்காரர்களைப் பார்த்துவிட்டு, விதியை அடித்தார். பொத்தானை அழுத்தினார்.

திரை ஒரு தரம் சிமிட்டிப் பெயர்கள் இடம் மாறின. முதலிடம் வெஸ்ட்ரம் ஸ்டேட், எட்டு வெற்றி, மூன்று தோல்வி. எல்லோர் கண்ணும் இரண்டாம் இடத்துக்கு, மூன்றுக்கு, நாலுக்கு இறங்கியது. திரையில் பத்து பெயர்தான் ஒரு தடவைக்குத் தெரியும். ஆர்லின் கீழே நகர்த்தவில்லை. பென்னர்தான் குனிந்து நகர்த்தினான். பதினேழாவது இடத்தில் இருந்தோம்.

யாரை ஜெயித்தாய், அவன் யாரை ஜெயித்தான். வேதாகமப் பள்ளி யாரை ஜெயித்தது? ஒருவரையும் இல்லை. விதிகள் ஒவ்வொரு ஆகஸ்டிலும் என் பத்திரிகையில் வந்தவைதான். ஒருவராவது உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோமா? எழுபதுக்கு ஏழு என்ற எண்ணைப் பார்த்துத் துள்ளிக்கொண்டிருந்தோம்.

முன்வரிசையில் ஒரு பெரிய உடம்புக்காரப் பையன், “பதினேழா?” என்று கேட்டான். சத்தமாகக்கூட இல்லை. “பதினொண்ணும் ஜெயிச்சோமே?” அவன் அழுததை நான் படம் எடுத்தேன். பிறகு யாரோ, “எண்ணை மாத்திட்டான் கிழவன்!” என்று கத்த, ஒரு ரொட்டி பறந்துவந்து ஆர்லினின் தோளில் பட்டது. இன்னொன்று திரையில் பட்டது. பென்னர் இணைப்பைப் பிடுங்கினான். நாற்பது வருஷம் ஒரு பவுண்டு கூட்டியோ குறைத்தோ போடாத மனிதரைப் பொய்யன் என்று சொல்லித் திட்டிக்கொண்டே எல்லோரும் கோட்டை மாட்டினார்கள்.

அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டது நான். ஊரில் வேறு யாரும் விடத் தயாராக இல்லை.

“முன்னாடியே தெரியுமா?” என்று வண்டியில் கேட்டேன்.

“வாராவாரம் தனியா ஒரு தடவை விதியில்லாம போட்டுப் பாப்பேன். இருபத்திரண்டுல ஆரம்பிச்சு பதினேழு வரைக்கும் வந்துச்சு.”

“சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? இப்படி மடில காபி கொட்டவிட்டு...”

“என்னன்னு சொல்றது? நீங்க ஜெயிச்சது ஜெயிப்பே இல்லைன்னா? விதி இருந்துச்சு, நான் கெட்டவனா இருந்தேன். ஊரு முதலிடம்னு நினைச்சிட்டு சந்தோஷமா இருந்துச்சு. அதுல என்ன நஷ்டம்?” கோட்டில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டு, “அந்த விதியை வெச்சு நான் பண்ணின ஒரே நல்ல காரியம். அதையும் அடிக்க வெச்சுட்டீங்க,” என்றார்.

செவ்வாய்க்கிழமை அவரே என்னைக் கூப்பிட்டார். வெஸ்ட்ரம் வரை வண்டி ஓட்ட முடியுமா என்று கேட்டார். போனபோது கராஜில் மரத்தூள் கிடந்தது. அந்தப் பழைய பலகையை இழைத்து, ‘ஹார்விக் கல்லூரி’யைச் சீவி எடுத்திருந்தார். அதே இடத்தில் ‘வெஸ்ட்ரம் ஸ்டேட், 2000’ என்று புதிதாகச் செதுக்கியிருந்தது. கடைசி பூஜ்யம் மட்டும் கோணலாக இருந்தது. விதி போனால் எல்லா வருஷத்துக்கும் போகவேண்டும், அதுதானே நியாயம் என்றார்.

கரோல் ஹாவ்லண்டின் வீட்டுக்கு நாலு படி. அவரால் ஏற முடியவில்லை. நான் முழங்கையைப் பிடித்து ஏற்றினேன். கதவைத் திறந்தவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே எங்களைப் பார்த்தாள். அறுபது வயதிருக்கும்.

“நான் ஆர்லின் டெஷ்ம்மா. ஹார்விக்.”

அவள் முகம் அப்படியே நின்றது. “உள்ள வாங்கன்னு சொல்லமாட்டேன்.”

“வேண்டாம். இதைக் குடுத்துட்டுப் போயிடுறேன்.”

பலகையை வாங்கிப் படித்தாள். விரலால் அந்த எண்களைத் தடவினாள். “அப்ப அந்த வருஷம் எங்க பசங்கதான் முதல்லயா?”

“ஆமா.”

“எப்பத் தெரிஞ்சுது?”

“அன்னிக்கே. விதியை எழுதறதுக்கு முன்னாடி.”

“பதினோரு வருஷமா தெரியும். ஒரு தாள் கேட்டேன்.”

அவர் தலையை ஆட்டினார். அவள் பலகையை வாசல் நிலையில் சாய்த்துவைத்துவிட்டு உள்ளே போனாள். கதவு திறந்தே கிடந்தது. பனிக்காற்று வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட ஒரு பத்திரிகைத் துண்டோடு திரும்பிவந்து அவர் கையில் கொடுத்தாள். “படிங்க. சத்தமா.”

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, நின்ற இடத்தில் தன் கடிதத்தைப் படித்தார். குரல் உடையவில்லை, எடைச் சீட்டு படிப்பதுபோலப் படித்தார்.

“மேல இருக்கிறதையும்.”

“‘செத்தாலும் இடமில்லை.’”

“கடுதாசிக்குக் கீழ உங்க பேரு இருக்கு,” என்றாள் கரோல். “அதைக்கூட விட்டுடலாம், ஏதோ கணக்குக்காரன், விதி அது இதுன்னு எழுதிட்டான்னு. இந்த ரெண்டு வார்த்தை யாருது? என் புள்ள பெட்டில கிடக்கிறப்ப இதை உக்காந்து யோசிச்சு எழுதின கை யாரோட கைன்னு பதினோரு வருஷமா யோசிச்சிட்டிருக்கேன். அது யாருன்னு சொல்லுங்க.”

அந்தக் கை அப்போது ஆர்லினின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் என்னைக் கண்ணுக்குக் கண் பார்த்தாள், ஓட்டிவந்தவள் என்று நினைத்திருப்பாள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஒரு நிமிஷம் முழுசாக அவகாசம் இருந்தது.

“அதுவும் நான்தான்மா,” என்றார் ஆர்லின்.

அவர் சொன்ன பொய் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். கரோல் குனிந்து பலகையை எடுத்து அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினாள், அவர் பிடித்துக்கொள்ளும்வரை. “இதை எரிக்கக்கூட எங்க வீட்டுல அடுப்பு இல்ல. எடுத்துட்டுப் போங்க. சீக்கிரம் செத்துப்போங்க,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

நாற்பத்துநாலு மைல் திரும்பி வந்து அவரை வீட்டில் இறக்கினேன். இறங்கும்போது பலகையைப் பின்னிருக்கையிலேயே விட்டுவிட்டார். மறந்து விட்டாரா, எனக்கென்று விட்டாரா தெரியாது. இப்போதும் என் வீட்டில்தான் இருக்கிறது, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி இறந்தார். அடக்கத்துக்குப் பதினொரு பேர் வந்தார்கள், பாதிரியாரையும் சேர்த்து. என் ஒன்பது வரி வெளிவந்த அடுத்த வாரம் உருண்டைக் கையெழுத்தில் ஆசிரியருக்கு ஒரு கடிதம் வந்தது. ‘என் மகனைப் பற்றி அந்தத் தலைப்பை எழுதியவர் இறந்துவிட்டதாக உங்கள் பத்திரிகையில் படித்தேன். இனி எனக்குத் தூக்கம் வரும். கரோல் ஹாவ்லண்ட்.’

பத்திரிகையில் ஒரு தப்பு வந்துவிட்டால் அடுத்த இதழில் இரண்டாம் பக்கத்தில் திருத்தம் போடுவோம். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் போடுவேன், சோளத்தின் எடையில் ஒரு பவுண்டு மாறினாலும் போடுவேன். கரோலின் கடிதத்தை ஒரு வார்த்தை மாற்றாமல் பிரசுரித்தேன். அதன் மேல் தலைப்பு வைக்கவில்லை. அடுத்த வாரம் இரண்டாம் பக்கத்தில் திருத்தம் எதுவும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.